அந்தமானில் ஸ்கூபா: யார் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் சுமார் இரண்டே கால் மணி நேரம். 2024-ல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, ஆனாலும் பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. தி.நகரிலோ வடபழனியிலோ எந்த டிராவல்ஸில் ஏறி விசாரித்தாலும் "அஞ்சு நாள் நாலு நைட், ஸ்கூபா இன்க்ளூடட்" என்று ஒரு பேக்கேஜை நீட்டுவார்கள். அந்த "இன்க்ளூடட்" எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி உரையாடல்:

"அண்ணா, ஸ்கூபா எவ்வளவு நேரம்ணா?"

"அரை மணி நேரம் தாராளமா வரும் சார்."

"தண்ணிக்குள்ளேயேவா?"

"டோட்டலா சார். டிரெஸ் மாத்தறது, டிரெய்னிங், போட்டோ எல்லாம் சேர்த்து."

"கூட யார் வருவாங்க?"

"அங்க நம்ம பசங்க இருக்காங்க சார். ஒண்ணும் கவலைப்படாதீங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முடிவெடுக்கத் தேவையான மூன்று விவரங்கள் இதில் வரவே இல்லை: தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம், உங்களைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு என்ன தகுதி, அதே நேரத்தில் அவர் பிடித்திருக்கும் மற்றவர்கள் எத்தனை பேர். ரிசார்ட், பீச், ஆன்லைன் ஸ்டார் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் இடம்

போர்ட் பிளேரிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடியது நார்த் பே. பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களோடு இருக்கும் கரை அதுதான். காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். கடலடி நடை, கண்ணாடித் தரைப் படகு, ஸ்கூபா என்று எல்லாம் ஒரே கரையில் நடப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வரிசை நீளமாக இருக்கும் இடத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடம் குறையத்தான் செய்யும். ஹேவ்லாக் போக நேரமே இல்லாதவர்களுக்கும், "இறங்கினோம் என்று இருந்தால் போதும்" என்பவர்களுக்கும் இது சரிப்படும்.

ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு. டைவ் ஷாப்கள் அதிகம் இருப்பது இங்கேதான். பெரும்பாலானவை கிழக்குக் கரையில், இரண்டாம் எண் கடற்கரையிலிருந்து ஐந்தாம் எண் வரை பரவியிருக்கின்றன. முதல்முறை இறங்குபவர்களைப் பெரும்பாலும் நீமோ ரீஃபுக்குத்தான் கூட்டிப் போவார்கள். கரையிலிருந்து நடந்தே இறங்கும் இடம் அது. இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சியை முடித்து, சரிவோடு மெதுவாக ஆழம் போகலாம். படகில் போய் இறங்குவதில் பவளமும் மீனும் கூடுதலாகக் கிடைக்கும், காசும் கூடும். ஆனால் கால் ஊன்றிப் பழகுவதற்கு அங்கே தரை கிடையாது. நீச்சல் தெரியாத முதல்முறைக்காரர் படகு டைவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசைக் கரை டைவில் "ஒருவருக்கு ஒருவர்" என்று கேட்டுச் செலவழிப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

கிழக்குக் கரையில் இன்னொரு விஷயமும் உண்டு. வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறை தெரியும். அதனால் டைவ் நேரம் நாளுக்கு நாள் மாறும். "தினமும் காலை ஒன்பது மணி பேட்ச்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் கடல் ஏற்ற இறக்க நேரப் பட்டியலைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டமும் கூடும். தேதி உங்கள் கையில் இருந்தால் காலண்டரைப் பார்த்து அஷ்டமி, நவமி பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குத்தான் அவை ஆகாது, டைவுக்கு அருமையான நாட்கள்.

நீல் தீவு (ஷஹீத் தீவு) சிறியது, ஷாப்களும் குறைவு, அமைதியாக இருக்கும். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வேண்டும், பொதுவாகக் கொச்சி வழியாக அகத்திக்குப் பறக்க வேண்டும். திட்டமிட நாள் இருப்பவர்களுக்கு அது. சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்பது ஹேவ்லாக்கில்தான், ஆகவே மீதிக் கட்டுரையும் அங்கேயே நிற்கிறது.

மூன்று வகைக் கடை

முதல் வகை, பேக்கேஜோடு வருவது. ஹோட்டல் கவுண்டரும் டாக்ஸி டிரைவர் கைகாட்டும் இடமும் இதில் சேர்த்தி. உங்களிடம் பணம் வாங்குபவர் ஒருவர், கடலில் இறக்குபவர் வேறொருவர். நடுவில் கமிஷன் போகிறது. கமிஷன் போவது தவறில்லை, அது எதிலிருந்து கழிகிறது என்பதுதான் கேள்வி. பல நேரம் அது உங்கள் நிமிடங்களிலிருந்து கழிகிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். வழக்கமான அலுமினிய சிலிண்டரை 80 கன அடி என்பார்கள், அது அடைக்கும் காற்றின் அளவு; சிலிண்டரின் உள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே சுமார் 2,200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடாமல் மேலே வர வேண்டும் என்பது விதி. மிச்சம் 150 பார், அதாவது சுமார் 1,665 லிட்டர். பயத்தில் வேகமாக மூச்சு விடும் புதியவர் கரையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.8 மடங்கு, ஆகவே நிமிடத்துக்கு 45 லிட்டர். 1,665-ஐ 45-ஆல் வகுத்தால் 37 நிமிடம் வருகிறது. 12 மீட்டரில் 30 நிமிடம். ஆக, நிதானமான ஒரு அரை மணி நேரத்துக்குச் சிலிண்டர் தாங்கும். உங்களைப் பதினைந்தே நிமிடத்தில் மேலே கொண்டுவந்தால் சிலிண்டரில் 140 பார் வரை மிச்சம் இருக்கும். அது அடுத்த வாடிக்கையாளருக்குப் போகும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் போதுமான அளவு காட்டும்வரை அதில் ஆபத்து இல்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்தது முழு சிலிண்டருக்கு. எனவே போனில் கேட்க வேண்டியது "எவ்வளவு நேரம்?" என்பதல்ல. "தண்ணிக்குள்ள தலை போனதிலிருந்து வெளிய வர்ற வரைக்கும் எத்தனை நிமிஷம்? சிலிண்டர் 200-ல ஆரம்பிக்குமா?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்வியை ரசித்துப் பதில் சொல்வார்.

இரண்டாம் வகை, பெரிய டைவ் சென்டர். சொந்தப் படகு, சிலிண்டரில் காற்று நிரப்பும் சொந்த கம்ப்ரசர், வகுப்பறை, பத்துப் பதினைந்து ஊழியர்கள் இருக்கும். உபகரணத்துக்குப் பராமரிப்பு நோட்டு இருக்கும், அவசரத் திட்டம் சுவரில் ஒட்டியிருக்கும். குறை என்னவென்றால், நீங்கள் யாரோடு இறங்குவீர்கள் என்பது அன்று காலையில்தான் தெரியும். சீசன் உச்சத்தில், குறிப்பாக டிசம்பர் கடைசி வாரத்திலும் பொங்கல் விடுமுறையிலும், அங்கேயும் வேகம்தான் ஆள்கிறது.

மூன்றாம் வகை, இரண்டு மூன்று இன்ஸ்ட்ரக்டர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் கடை. போனை எடுப்பவரே கடலில் இறங்குபவராகவும் இருப்பார். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி என்பது அவருக்கு நினைவிருக்கும். படகு பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது, சிலிண்டரையும் வேறு கடையில் நிரப்பி வரலாம். ஆகவே இங்கே ஆளை நம்பலாம், பொருளைச் சோதிக்க வேண்டும். பெரிய கடையில் அப்படியே தலைகீழ்: பொருளை நம்பலாம், ஆள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல்முறை இறங்கும் குடும்பத்துக்கு நாங்கள் சாய்வது மூன்றாம் வகைப் பக்கம். டைவிங் லைசென்ஸ் (கோர்ஸ் முடித்த அட்டை) வைத்திருப்பவருக்கு இரண்டாம் வகை. பேக்கேஜில் ஸ்கூபா ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்றால், அதைக் கழித்துவிட்டுப் பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பல டிராவல்ஸில் செய்வார்கள். கேட்டால்தான்.

"பாடி" என்றால் என்ன

சென்னையில் பாடி என்றால் மேம்பாலம். கடலில் பாடி (PADI) என்பது உலகெங்கும் டைவிங் பயிற்சிக்கு விதி வகுத்து அட்டை கொடுக்கும் அமைப்பு. எஸ்.எஸ்.ஐ. இன்னொன்று. எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டின் அட்டையும் எங்கேயும் செல்லும். பார்க்க வேண்டியது கடை வாசல் போர்டை அல்ல, ஆளின் நிலையை. டைவ்மாஸ்டர் என்பவர் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களை வழிநடத்தலாம். முதல்முறை இறங்குபவரைத் திறந்த கடலில் கூட்டிப்போக இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும். பாடி இன்ஸ்ட்ரக்டர் என்றால் அவருக்கு ஓர் உறுப்பினர் எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, பாடியின் இணையதளத்தில் "ப்ரோ செக்" பக்கத்தில் போட்டால், இன்றைய தேதியில் அவர் கற்பிக்கும் நிலையில் இருக்கிறாரா என்று காட்டிவிடும். உறுப்பினர் நிலையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே "அவர் இன்ஸ்ட்ரக்டராக இருந்தார்" என்பதும் "இருக்கிறார்" என்பதும் வேறு வேறு.

பாடி விதிப்படி முதல்முறை டைவில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் கடலில் அதிகபட்சம் நான்கு பேரைக் கூட்டிப் போகலாம். ஆழம் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது, வயது 10-க்குக் குறையக்கூடாது. நான்கு என்பது உச்சவரம்பு, நல்ல எண் அல்ல. இன்ஸ்ட்ரக்டருக்குக் கை இரண்டுதான். ஒருவருக்கு மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து அவர் மேலே ஓடப் பார்த்தால், அவரைப் பிடிக்க ஒரு கை போய்விடும். மற்றவர்களுக்கு மிச்சம் ஒரு கை. அந்தக் கையிலும் கேமரா இருந்தால்? "வீடியோ ஃப்ரீ" என்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். எடுப்பது தனி ஆளா, அதே இன்ஸ்ட்ரக்டரா என்று கேளுங்கள். நீச்சல் தெரியாதவர், குழந்தை, ஐம்பதைத் தாண்டியவர் இவர்களுக்கு ஒருவருக்கு ஒருவர். மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒருவர் என்பது வரை ஒத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்கிற கடையா

நல்ல கடைக்கு ஒரு அடையாளம் உண்டு: நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்பார்கள். மருத்துவப் படிவத்தை நீட்டுவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, நுரையீரலில் காற்றுக் கசிவு, கர்ப்பம் எல்லாம் அதில் வரும். 45 வயதைத் தாண்டி, புகைப்பழக்கமோ கொழுப்போ உள்ளவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அதற்குரிய கேள்விக்கு "ஆம்" என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். ஹேவ்லாக்கில் அதற்கு டாக்டரைத் தேடி அலைவதைவிட, பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படிவத்தை இணையத்தில் எடுத்துக்கொண்டு சென்னையிலேயே தங்கள் டாக்டரிடம் காட்டி வாங்கிவிடலாம். காதில் பழைய தொந்தரவு இருந்தால் ஒரு ஈ.என்.டி. டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

"எல்லாத்துக்கும் 'நோ' போட்டுடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்று எந்தக் கடை சொல்கிறதோ, அங்கேயிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "உங்களுக்கு ஜலதோஷம் இருக்கு, இன்னைக்கு வேணாம், நாளைக்கு வாங்க" என்று சொல்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள். ஜலதோஷத்தில் காது அடைக்கும், அழுத்தம் சமமாகாது. மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்கினால் பாதி டைவில் அதன் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொண்டு வலிக்கும்.

காதும் மீசையும்

முதல்முறை டைவ் கெடுவதற்குக் காரணம் சுறா அல்ல, காது. கரையில் ஒரு பார், 10 மீட்டரில் இரண்டு பார். அதாவது அழுத்தம் இரட்டிப்பாவது முதல் பத்து மீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. காது இழுக்கத் தொடங்குவது இரண்டு மீட்டரிலேயே. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை வலி வந்த பிறகு செய்தால் பலிக்காது, ஒவ்வொரு மீட்டருக்கும் முன்கூட்டியே செய்துகொண்டு போக வேண்டும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். பொறுமையான இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு மீட்டரிலும் உங்கள் கண்ணைப் பார்த்து "ஓகேவா?" என்று சைகை கேட்பார். அவசரக்காரர் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். ஐந்து நிமிட வித்தியாசம்தான், ஆனால் செவிப்பறை ஒன்றுதானே இருக்கிறது, ஒரு காதுக்கு.

கரையில் நடக்கும் பயிற்சியில் குறைந்தது நான்கு விஷயம் இருக்க வேண்டும்: வாயால் தொடர்ந்து மூச்சு விடுவது, வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர் நழுவினால் எடுத்து மாட்டி ஊதுவது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சைகைகள். மூச்சை அடக்கக்கூடாது என்பதை மூன்று தடவை சொல்ல வேண்டும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஆழம் குறைவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். சைகையில் நம் ஆட்கள் வழக்கமாகத் தடுக்கிவிழும் இடம் ஒன்று: கட்டை விரலை உயர்த்துவது "சூப்பர்" அல்ல, "மேலே போகலாம்". குஷியில் கட்டை விரலைக் காட்டி, ஆறு நிமிடத்தில் வெளியே வந்து நிற்பவர்கள் உண்டு.

மாஸ்க் விஷயத்தில் நம் ஊர் ஆண்களுக்குத் தனிச் சிக்கல் மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு உட்காருவது மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில். அங்கே அடர்ந்த மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். முழுவதும் எடுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு மேல் ஓரத்தைக் கத்தரித்தால் போதும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டியிருந்தால் உங்கள் முகத்துக்கு அது பொருந்துகிறது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாத கடையில் அத்தனை மீனும் உங்களுக்குக் கலர் கலரான மங்கல்தான்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை

உபகரணத்தை மாட்டியதும் கேஜைக் கையில் எடுங்கள். முள் 200-ஐ ஒட்டி நிற்கிறதா? முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கைந்து தடவை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே இறங்கி மறுபடி ஏறினால், சிலிண்டர் வால்வ் முழுதாகத் திறக்கப்படவில்லை. கரையில் இது பெரிதாகத் தெரியாது, காற்று வந்துகொண்டுதான் இருக்கும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று தேவை, அந்தச் சின்னத் திறப்பு வழியாக அவ்வளவு வராது. மூச்சு இறுகும், பயம் வரும், மூச்சு இன்னும் வேகமாகும். இந்த ஒரு சோதனைக்குப் பத்து நொடிகூட ஆகாது.

அடுத்து, மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். எடுத்த பிறகும் "ஸ்ஸ்" என்ற சத்தம் வந்தால் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்புப் படிந்து இப்படி ஆகும். கடலுக்குள் இது நடந்தால் ஜாக்கெட் தானாக ஊதி உங்களை மேலே தூக்கிவிடும். காற்றில் எண்ணெய் வாசனையோ புகை வாசனையோ வந்தால் அந்தச் சிலிண்டரை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெனரேட்டர் புகை போகும் பக்கமாக கம்ப்ரசரின் மூக்கை வைத்திருக்கும் கடையில் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும், அதற்கு வாசனையே கிடையாது. ஆகவே கம்ப்ரசர் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது வம்பு பேசுவதாகாது. மாற்று ரெகுலேட்டர், பெரும்பாலும் மஞ்சள் நிறம், தொங்குகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் தோளில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் தாங்குகிறதா என்ற சோதனை) மாதமும் வருடமும் ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும்.

பின்பக்கம் அலசும் டிரம்களையும் ஒரு பார்வை. வெட்சூட்டுக்கு ஒன்று, மாஸ்க்குக்கும் ரெகுலேட்டருக்கும் வேறொன்று என்று பிரித்திருந்தால் அது ஒழுங்கான கடை. எல்லாமே ஒரே டிரம்மில் ஊறினால்... வெட்சூட்டுக்குள் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது உலகறிந்த ரகசியம். அந்தத் தண்ணீரில் ஊறியதைத்தான் நீங்கள் வாயில் கடிக்கப் போகிறீர்கள்.

படகு டைவ் என்றால் இன்னும் மூன்று கேள்வி. எல்லோரும் கீழே போன பிறகு படகில் யார் இருப்பார்? சுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, காட்டுங்கள். ஏறும் ஏணி எங்கே? ஹேவ்லாக்கில் பெரிய மருத்துவ வசதி கிடையாது. டைவ் கோளாறுகளுக்கான அழுத்தச் சிகிச்சை அறை போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரியில் இருக்கிறது, அதற்கும் நமக்கும் நடுவே கடல். அந்த இடைவெளியில் கொடுப்பதற்குக் கையில் இருக்கும் மருந்து ஆக்ஸிஜன் ஒன்றுதான். "கடையில இருக்கு, படகுக்கு எடுத்துட்டு வரல" என்ற பதில் எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொரு சோதனை கடலுக்குள்ளேயே நடக்கும். கைடு கடல் அட்டையைத் தூக்கிக் கையில் கொடுப்பார், பவளத்தின் மேல் முட்டி போட்டு நிற்கச் சொல்வார், போட்டோவுக்காகப் பேத்தை மீனைச் சீண்டி ஊத வைப்பார். பவளமும் கடல் அட்டையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதைச் செய்கிறவர் மற்ற விதிகளிலும் அப்படித்தான் இருப்பார். அவரிடம் இரண்டாவது டைவ் வேண்டாம்.

கோர்ஸ் படிக்கப் போகிறவருக்கு

ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தால் 18 மீட்டர் வரை போக அட்டை கிடைக்கும். பாடம், நீச்சல் குளம் போன்ற அமைதியான தண்ணீரில் பயிற்சி, பிறகு நான்கு கடல் டைவ். இதில் 200 மீட்டர் நீச்சலும், பத்து நிமிடம் மிதப்பதும் உண்டு. ஆகவே நீச்சல் தெரியாதவர் முதலில் மெரினா நீச்சல் குளத்துக்கோ வீட்டருகே உள்ள குளத்துக்கோ போக வேண்டும்.

முழுவதையும் ஹேவ்லாக்கில் படிப்பதா, பாதியைச் சென்னையில் முடிப்பதா? பாடத்தையும் குளத்தையும் இங்கே முடித்து, "ரெஃபரல்" கடிதத்தோடு போனால், அங்கே கடல் டைவ் நான்கும் இரண்டு நாளில் முடிந்துவிடும். பாடி ரெஃபரல் கடைசிக் குளப் பயிற்சியிலிருந்து 12 மாதம் செல்லும். லீவு நான்கே நாள் உள்ள ஐ.டி. ஆட்களுக்கு இதுதான் வழி. அங்கே ஏற்றுக்கொள்ளும் கடையிடம் மட்டும் முன்பே பேசிவிட வேண்டும், சில கடைகள் தங்கள் குளத்தில் மறுபடி ஒரு சோதனை கேட்கும், கேட்கட்டும். இ.சி.ஆரிலோ புதுச்சேரியிலோ கடல் டைவையும் முடித்துவிடலாம். நம் பக்கத்துக் கடலில் தெளிவு குறைவு, அலை அதிகம். கஷ்டம்தான், ஆனால் கலங்கல் தண்ணீரில் பழகியவர் அந்தமானில் மீன் மாதிரி இருப்பார்.

லைசென்ஸ் இருப்பவருக்கு

டிக்சன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ் என்ற டைவ் இடங்களின் பெயர்களைக் கேட்டுவிட்டுத்தான் வருவீர்கள். அவற்றின் நல்ல பகுதிகள் 18 மீட்டருக்குக் கீழே. ஓப்பன் வாட்டர் அட்டையைக் காட்டியதும் "நோ ப்ராப்ளம்" என்று அங்கே கூட்டிப்போகும் கடையும், "முதல்ல ஒரு ஈஸி டைவ் போவோம், அப்புறம் அட்வான்ஸ்டு பண்ணிட்டு அங்க போலாம்" என்னும் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது கடை உங்களிடம் கோர்ஸ் விற்கப் பார்க்கிறது என்பது உண்மைதான். அப்படியும் சரியான பதில் அதுதான். ஓராண்டாகத் தண்ணீரில் இறங்காதவர் சென்னையிலேயே ஒரு குளத்தில் ரெஃப்ரெஷர் முடித்துக்கொண்டு போகலாம்.

இவர்கள் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: "எங்க குரூப்ல ஒருத்தருக்குக் காத்து சீக்கிரம் தீர்ந்தா என்ன செய்வீங்க?" ஒரு கைடுக்கு ஆறு பேர் என்றால் மூன்று பதில்தான் சாத்தியம்: எல்லோரும் மேலே வருவது, தீர்ந்தவரைத் தனியாக அனுப்புவது, கைடு கொண்டுபோய் விட்டுவிட்டு மற்றவர்களைக் கீழே காக்க வைப்பது. முதல் பதிலில் உங்கள் டைவ் கெடுகிறது, மற்ற இரண்டும் ஆபத்து. காற்றை வேகமாகச் செலவழிப்பவர்களைத் தனிக் குழுவாக, தனி கைடோடு பிரிக்கும் கடைக்குத்தான் காசு கூடுதலாகக் கொடுக்கலாம். பெரிய சென்டரில்தான் அதற்கு ஆள் இருக்கும்.

நாள் குறிப்பது

சீசன் அக்டோபரிலிருந்து மே வரை என்பார்கள். அக்டோபர், நவம்பரில் சென்னையை மிரட்டும் காற்றழுத்தத் தாழ்வுகள் பல அந்தமான் பக்கம் உருவாகித்தான் வருகின்றன. கப்பல் ரத்தாவது அப்போது சகஜம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. முன்பணம் கட்டும்போது, வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். டிராவல் இன்ஷூரன்ஸில் ஸ்கூபா அடங்குமா என்றும் பாருங்கள், பல பாலிசிகளில் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

டைவை ஹேவ்லாக் போன மறுநாளே வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மழையோ ஜலதோஷமோ வந்தால் தள்ளிப்போட ஒரு நாள் கையில் இருக்கும். இதைவிடப் பெரிய காரணம் விமானம். ஒரே ஒரு டைவ் என்றால் பறப்பதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டேன் சொல்லும் கணக்கு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகிவிடும் என்பதால் இது. பேக்கேஜ் தாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். காலை 11 மணிக்கு ஒரு டைவ் முடித்து, சாயங்காலக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, மறுநாள் காலை 7 மணி விமானம் என்றால் 20 மணி நேரம், பிரச்சினை இல்லை. அதே நாள் இரண்டு டைவ், இரண்டாவது மதியம் 3 மணிக்கு முடிகிறது என்றால் 16 மணி நேரம்தான். அந்தத் தாளை அப்படியே கடைக்கு அனுப்பி, "இது சரியா?" என்று கேளுங்கள். "ரெண்டாவது டைவ விட்டுடுங்க, இல்லேன்னா ஃப்ளைட்ட மாத்துங்க" என்று பதில் வந்தால் முன்பணத்தை அனுப்பலாம்.